பரவாயில்லை என்று ஆடிய கை

மூச்சு விடச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். சிரிக்காதீர்கள். பிறந்த நாளிலிருந்து யாரும் கற்றுத் தராமலே விட்டுக்கொண்டிருந்த மூச்சை, வாயில் ஒரு ரப்பரைக் கவ்விக்கொண்டு நாலடித் தண்ணீருக்குள் குனியச் சொன்னதும் அத்தனை பேரும் மறந்துவிடுகிறார்கள். தெற்குக் கொல்கத்தாவில் ஒரு கிளப் நீச்சல் குளத்தில் ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பப் பாடம் என்னுடையது. அந்தமான் கடலில் இறங்கப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து என்னிடம் பயந்துவிட்டுப் போவார்கள்.

பல் டாக்டர்களே, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களே, ஊசி போடும் நர்ஸம்மாக்களே, பயந்தவர்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். பயந்த ஆள் வாயில் உண்மை வராது. அதனால் நான் ஒருத்தரையும் நம்புவதில்லை. பெற்ற தாயே வந்து "தண்ணி பழக்கம்தான்டி எனக்கு" என்றாலும் முதலில் ஆழம் குறைந்த பக்கத்தில்தான் இறக்குவேன்.

எல்லாமே 'இல்லை'

தாரிணிக்குப் பத்தொன்பது வயசு. வீடு லேக் கார்டன்ஸில். அப்பா பேங்க் ஆபீசர், திருநெல்வேலிக்காரர், மாற்றலாகி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவள் காலேஜிலிருந்து ஆறு பேரை அந்தமானுக்குப் பவளப்பாறை கணக்கெடுக்க அனுப்புகிறார்கள். அந்த ஆறில் இவள் ஒருத்தி. மாசக் கடைசிக்குள் 'தேறினாள்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் ஏழாவதாகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும்.

ஃபார்மைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்துமா உண்டா, காது அடைக்குமா, தண்ணீர் பயமா, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று வரிசையாக டிக். உலகத்தில் அப்படி ஒரு மனுஷி கிடையாது. அதுவும் அவள் கையெழுத்து நீலத்தில், டிக் எல்லாம் பச்சை மையில். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் சட்டைப் பையில் பச்சைப் பேனா. "உனக்குத் தண்ணி பயமாம்மா?" என்று அவளைத்தான் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பயமா? இவளுக்கா? இவ எதுக்குமே பயப்பட மாட்டா மேடம், வேணும்னா என்னைக் கேளுங்க."

நனையாத தலை

இதே சமயத்தில் நியூ டவுனிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் வந்துகொண்டிருந்தான். அவனும் தமிழ்தான். மூன்று வகுப்பு ஆகியும் அவன் தலைமுடி நனையவில்லை. உடை போடுவான், சிலிண்டரை மாட்டுவான், படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பான், ஏறிவிடுவான். இவனுக்குக் காதில் ஏதோ கோளாறு, மறைக்கிறான் என்று நான் சந்தேகப்பட்டுத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டில் பெண் பார்க்கிறார்களாம். "ஜாதகத்தோட அனுப்ப ஒரு ஃபோட்டோதான் வேணும் மேடம். தண்ணிக்குள்ள போகாமலே போன மாதிரி எடுக்க முடியுமா?"

எந்த ஊர்க் காற்று

தாரிணி இவனுக்கு நேர் எதிர். இறங்கத் தயார், ஆனால் எதையும் நம்ப மாட்டாள். எனக்குச் சமமாக ஒரு சந்தேகப் பிராணியை அதுவரை நான் பார்த்ததில்லை. வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி வாய் நிறைய என்னைத் 'தீதி' என்பாள், ஆனால் வாயில் கவ்வும் ரப்பரை முகர்ந்து பார்ப்பாள். மீட்டர் முள்ளைத் தட்டிப் பார்ப்பாள். வால்வை நான் திறந்தால், எங்கள் சிலிண்டர் பொறுப்பாளர் பாபுல்தாவைக் கூப்பிட்டு மறுபடி திறந்து காட்டச் சொல்வாள். முப்பது வருஷமாகச் சிலிண்டர் தூக்கும் மனுஷன் அவர், என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாரையும் போல அவளும் இது ஆக்சிஜன் சிலிண்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லைம்மா, நாம் விடும் சாதாரணக் காற்றுதான், சுத்தம் பண்ணி அழுத்தி அடைத்திருக்கிறது என்றேன். எங்கே அடைத்தது என்றாள். பவானிபூரில் என்றேன். பஸ்ஸும் ஆட்டோவும் இடித்துக்கொண்டு நிற்கும் அந்த ரோட்டை அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் போன போக்கு! "பவானிபூர்க் காத்தா? அதுக்கு இந்தத் தண்ணியே தேவலையே தீதி."

ஆடிய கை

தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் வாய். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வளையம் காட்டினால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போகலாம்'. உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'எனக்கு ஏதோ பிரச்சினை'. இந்த மூன்றையும் படித்துப் படித்துச் சொல்லித்தான் இறக்கினேன்.

நாலடி ஆழத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தோம். 'நன்றாக இருக்கிறாயா' என்று வளையம் காட்டினேன். அவள் கையைக் கவிழ்த்து ஆட்டினாள். பிரச்சினை என்றுதானே அர்த்தம்! மேலே கொண்டுவந்தேன், ரப்பரை மாற்றினேன், மறுபடி இறங்கினோம். மறுபடி கேட்டேன், மறுபடி ஆட்டினாள். சிலிண்டரையே மாற்றினேன். மூன்றாம் முறையும் அதே ஆட்டம். பாபுல்தா எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கெடவில்லை, உனக்குத்தான் மண்டை கெட்டுவிட்டது என்று வங்காளத்தில் சொன்னார். குளத்தின் ஓரத்தில் தாரிணி படிக்கட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே இழுக்க இழுக்க அவளுக்கு 'ஐயோ, நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது' என்று பயம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கையை ஏன் ஆட்டினாய் என்று ஒரு வார்த்தை முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! ரசம் எப்படி இருக்கு என்று அம்மா கேட்டால் நானும் அப்படித்தானே கையை ஆட்டுவேன், எனக்குப் புத்தி எங்கே போச்சு? கடைசியில் அவளே கத்தினாள். "நீங்க எப்படி இருக்கேன்னு கேட்டீங்க, நான் பரவாயில்லைன்னு சொன்னேன். அதுக்கு எதுக்கு தீதி சும்மா சும்மா மேல இழுக்கறீங்க?"

பத்தடி

அடுத்து ஆழமான பக்கம். அங்கே பயந்தவர்களிடம் நான் ஒரு பொய் சொல்வது வழக்கம். பதினாலடியைப் பத்தடி என்பேன். எண் எழுதியிருக்கும் இடத்தில் என் துண்டைத் தொங்கப் போட்டுவிடுவேன். பெரிய பாவமில்லை, உங்கள் தொழிலிலும் இருக்கும் ஒன்றிரண்டு. "பத்தடிதான் தாரிணி, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் நேரே நடந்துபோய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாசம் முடிய ஐந்தே நாள். எனக்கு அவமானமாக இருந்தது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு ஏழு வயசில் குடும்பத்தோடு திகா கடற்கரைக்குப் போனார்களாம். அப்பா கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப்போய், "ஒண்ணும் ஆகாது, விட மாட்டேன்" என்றாராம். அவர் பையில் போன் அடித்தது. விட்டுவிட்டார். இரண்டு அலை இவள் மேல் புரண்ட பிறகுதான் யாரோ தூக்கினார்கள். அதிலிருந்து 'ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னாலும் இவளுக்குக் கால் மரத்துப்போகிறது. அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். "ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க தீதி. என்ன ஆகும்னு சொல்லுங்க."

சொன்னேன். காது அழுத்தும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். கண்ணில் போட்ட மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும், வந்தால் மூக்கு எரியும். மூச்சை அடக்கினால் ஆபத்து, அது ஒன்றைத்தான் எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது. பயம் கண்டிப்பாக வரும், எனக்கே இன்னும் வருகிறது. அவள் நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே பதினாலடி இறங்கினாள்.

பச்சைப் பேனா

தேர்வுக்கு முதல் நாள் அவள் அப்பா தனியாக வந்தார். லஞ்ச் நேரத்தில் பேங்க்கை விட்டு வந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. ஏதோ விவகாரம் என்று உடனே புரிந்தது எனக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மேடம், நீங்களே 'தேறலை'ன்னு எழுதிடுங்க. நான் வேண்டாம்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா நம்பிடுவா" என்றார். பேனாவை எடுத்து நீட்டவே நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்துக் குளத்தில் தள்ளியிருப்பேன். "நீங்கதானே சார் எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டீங்க? எதுக்குமே பயப்பட மாட்டான்னு சத்தியம் பண்ணாத குறை!" என்றேன். மனுஷன் பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார். "அவ பயப்பட மாட்டான்னுதானே சொன்னேன் மேடம். நான் பயப்பட மாட்டேன்னு சொல்லலியே."

பதினாலடியில்

மறுநாள் பாபுல்தா வாய் சும்மா இருக்கவில்லை. உன் பாபா நேற்று வந்திருந்தார் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் நேரே என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா எதுக்கு வந்தார்?" 'ஒண்ணுமில்லை' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் நிம்மதியாக இறங்குவாள், நிஜத்தைச் சொன்னால் இந்த மனசோடு இறங்க முடியாமல் போகலாம், இடம் போய்விடும். ஆனால் கண்டுபிடித்துவிடுவாளே! துண்டைத் தூக்கிப் பார்த்த பெண் அவள். சொல்லிவிட்டேன். மாஸ்க் கண்ணாடி மங்காமல் இருக்க நாங்கள் அதில் எச்சில் துப்பித் தேய்ப்பது வழக்கம். அன்றைக்கு அவள் துப்பிய வேகத்தில் பாபுல்தா ஓரடி பின்னால் போனார்.

இறங்கினோம். பதினாலடியில் முட்டி போட்டு, மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை மூக்கால் ஊதி வெளியே தள்ள வேண்டும். அதுதான் தேர்வு. கழற்றினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டாள். குமிழி வரவில்லை. மூச்சை அடக்குகிறாள்! என் கை அவள் தோள் வரை போய்விட்டது. மேலே இழுத்தால் தேர்வு முடிந்தது, அந்தமான் முடிந்தது. இழுக்காமல், தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு குமிழி வந்தது. அப்புறம் கொத்தாக வந்தது. மாஸ்க்கை மாட்டி ஊதித் தள்ளிவிட்டு, சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து வளையம் காட்டினாள். நான் கட்டைவிரலைத் தூக்கினேன், மேலே போகலாம் என்று. அவள் விரலை ஆட்டி மாட்டேன் என்றாள், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணுமாம்! எனக்குத் தண்ணீருக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது.

மேலே வந்தால், குளத்தின் விளிம்பில் அவள் அப்பா. பேன்ட்டை முட்டி வரை மடித்துவிட்டு, ஷூவோடு, எந்த நிமிஷமும் குதிக்கிற மாதிரி நிற்கிறார். அவர் பையில் போன் விடாமல் அடிக்கிறது, எடுக்கவில்லை. பழக்க தோஷத்தில் நான் அவரைப் பார்த்தும் வளையம் காட்டிவிட்டேன், எப்படி இருக்கிறீர்கள் என்று. அவர் கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். பரவாயில்லை என்கிறார், கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று நான் சிரித்தேன். தாரிணி சிரிக்கவில்லை. அவரையே பார்த்தபடி படிக்கட்டை நோக்கி வேகமாக நீந்தினாள். "இல்ல தீதி, அது 'பரவாயில்லை' இல்ல. அது நிஜமாவே பிரச்சினை."

இத்தனை வருஷமாக ஊரிலுள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டதுதான் மிச்சம், கரையில் ஷூவோடு நின்ற ஆள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.