எண்பத்தெட்டு டிகிரி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயரே எண்பத்தெட்டு. நான் அங்கே வயரிங் பார்ப்பவன். அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவானும் நானே. எஞ்சின் எண்பத்தெட்டு டிகிரி சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைத் தவிர வேறெதையும் மாட்டமாட்டார். எழுபத்தொன்றிலேயே திறப்பதைக் கேட்டு வந்தால் வள்ளென்று விழுவார். எஞ்சின் ஜில்லென்று ஓடினால் ஆயில் இளகாது, பெட்ரோலைக் குடிக்கும், உள்ளே தேய்ந்துபோகும் என்பார். சரி, அதற்காக வந்தவனை விரட்டவா வேண்டும்? மனுஷனுக்குக் கிறுக்கு என்றே நாங்கள் முடிவுகட்டியிருந்தோம்.

எந்தக் காரும் வெளியே போகுமுன் அவர் உள்ளே உட்கார்ந்து, முன்கண்ணாடிக்குக் காற்று வரும் துளைமேல் உள்ளங்கையை வைத்திருப்பார். சூடு வரும்வரை எடுக்கமாட்டார். அப்போது முகம் பேயறைந்த மாதிரி இருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

போன குளிர்காலத்தில் அவருடைய அக்கா தன் மகனின் பழைய காரைக் கொண்டுவந்தார். அக்காவின் கணவர் ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு குளிர்காலக் காலையில், மலைச்சாலையிலிருந்து காரோடு பள்ளத்தில் விழுந்து செத்தவர். தூங்கிவிட்டார் என்று போலீஸ் எழுதியது. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் வண்டியை எடுப்பானா என்று அக்கா அவர் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை.

நான் டாஷ்போர்டுக்கு அடியில் ஹாரன் வயரோடு மல்லாந்து கிடந்தேன். வண்டி சூடாகிறது என்றார் அக்கா.

"மாமாவுக்கு ஒண்ணு போட்டியே, சீக்கிரமே திறக்கறது. அப்புறம் வண்டி சூடே ஆகலன்னு சொல்லிட்டிருந்தாரு. அதையே இதுக்கும் போடு."

அதை மாட்டமாட்டேன் என்றார் எண்பத்தெட்டு. பிறகு காரணத்தைச் சொன்னார். தண்ணீர் சூடாகாவிட்டால் ஹீட்டரிலும் சூடு வராது. குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து ரோடே தெரியாது. தெரிந்திருந்தும், மாமாவின் நச்சரிப்புத் தாங்காமல் மாட்டிக்கொடுத்தாராம். பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்கப் போனதும் இவர்தான். கண்ணாடி துடைத்த துண்டு ஸ்டியரிங்கில் ஈரமாகச் சிக்கிக்கிடந்தது. அதை யாருக்கும் காட்டாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் ஹாரன் வயரை விட்டுவிட்டு வெளியே எழுந்து வந்தேன். அக்கா அவரை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ அவர் தூங்கலையா?"

"தூங்கலக்கா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு."

அக்கா பானெட்டைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டிருக்கேன்டா. பக்கத்துல உக்காந்து நீயும் கேட்டுட்டுத்தானே இருந்தே."