ஆடி வரைக்கும் ஒரு கணவர்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவரும் தூங்குவதில்லை. இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் காதல் நகைச்சுவைப் படம் போடுவார்கள். தொண்ணூறைத் தொட்டவர்கள்கூடச் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி முன்வரிசைக்கு முண்டியடிப்பார்கள். கதை என்னவோ தினமும் ஒன்றுதான். ஒருத்தனும் ஒருத்தியும் முட்டிக்கொள்வார்கள், சட்டையில் காப்பி கொட்டும், சண்டை வரும், பிரிவார்கள், கடைசியில் யாராவது ஒருவர் விமான நிலையத்துக்கோ ரயிலடிக்கோ தலைதெறிக்க ஓடுவார். முடிவு நன்றாகத் தெரிந்தும் ஒவ்வொரு நாளும் கைதட்டல். பாரிசின் புறநகரிலுள்ள இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. இந்த வயதில் ஊரில் காசிக்கும் கைலாசத்துக்கும் வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள், இவர்கள் கதாநாயகன் கதவைத் தட்டுவானா என்று நகம் கடிக்கிறார்களே!

அவர்களில் மதாம் ஒதீல் என்ற கிழவி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ உன் கணவரை எப்படிச் சந்தித்தாய்?"

"எங்கள் வீட்டுக் கூடத்தில். குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தார். கேசரி சாப்பிட்டார்."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். "சரி, பிறகு?"

"பிறகு கல்யாணம்."

"அதில்லை பெண்ணே, நடுவில்?"

நடுவில் ஒன்றுமில்லை என்றேன். சிரிப்பு அடங்கி, என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். "அடப் பாவமே, நடுவில்தானே படமே இருக்கிறது." எனக்குச் சுருக்கென்றது. என் கல்யாணத்துக்கு இரக்கப்பட இவர் யார்? எங்களுக்கு அந்த நடு, தாலி கட்டிய பிறகுதான் வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு பிரெஞ்சு அப்போது என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலில் எங்கள் வீட்டை இன்றும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். அப்பாவைப் பெற்றவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வழியாக வந்த குடியுரிமையோடு இருபத்திரண்டு வயதில் இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மொழி படித்து, முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் எய்த் சுவான்யாந்த் படிப்பில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். குடியுரிமை உள்ள பெண்ணுக்கு எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகை கேட்கமாட்டார்கள், நட்டு கேட்கமாட்டார்கள், 'மாப்பிள்ளைக்கு எப்ப விசா?' என்று மட்டும் கேட்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் என் முகத்தைவிட என் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்க விரும்பினார்கள்.

குமரவேல் வரிச்சிக்குடிக்காரர். விவசாயம் படித்துவிட்டு விவசாயமே செய்பவர். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி எங்களைக் கொல்லைப்பக்கம் விட்டார்கள். அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: "எனக்கு வயல விட்டுட்டு வர்ற எண்ணமில்லீங்க. முன்னாடியே சொல்லிடணும்ல." அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு தடவை வந்து பார்த்தால் மனம் மாறிவிடும் என்று நான் நினைத்தேன். ஒரு போகம் ஊரில் இருந்து பார்த்தால் இவள் திரும்பி வந்துவிடுவாள் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் இப்படி ஒரு நினைப்போடுதான் மணையில் உட்கார்ந்தோம்.

கல்யாணம் முடிந்து காரைக்கால் கடற்கரையில் புகைப்படம் எடுத்தார்கள். கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவரச் சொன்னார் புகைப்படக்காரர். இவர் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பாதம் பார்த்துப் பாதம் வைத்து ஓடிவந்தார். "சார், வரப்புல ஓடற மாதிரி ஓடாதீங்க சார்!" என்று புகைப்படக்காரர் கத்த, நான் சிரித்த சிரிப்பில் கண் மை கரைந்துவிட்டது. விடுப்பு முடிந்து நான் மட்டும் விமானம் ஏறினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "ஊருல அவனவன் பிரான்ஸு பொண்ணு கெடைக்காதான்னு தவங்கெடக்குறானுவ, ஒனக்கு வாச்சவரு வயலக் கட்டிக்கிட்டு அழுவுறாரு. நீ அங்க, அவரு இங்க. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு எத்தன நாளைக்கிடி?" என்று அம்மா தொலைபேசியில் பொரிந்து தள்ளுவார். அண்ணனோ, வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிறாயா என்று முறைப்பார். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் குடும்பம் என்பது எல்லாருடைய கட்சியும். எனக்கு வீம்பு அதிகம். நானும் விடமாட்டேன், அவரையும் விடச்சொல்லமாட்டேன், கல்யாணத்தையும் கைவிடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் படம் பார்க்க ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதியம், அவருக்குச் சாயங்காலம். தொலைபேசியை அணைக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காதல் நகைச்சுவைப் படத்தை ஓடவிடுவோம். முதலில் அவருக்குப் பொறுமையே இல்லை. "ஏன் இவன் மழையில நிக்கிறான்? ஓரமா நின்னு சொல்லலாம்ல?" என்பார். "ஓரமா நின்னு சொன்னா அவ நம்பமாட்டா," என்பேன். போகப்போக, "அந்தப் பையன் புத்திகெட்டவன், சொல்லாமலே இருக்கான் பாரு," என்று அவரே பதற ஆரம்பித்தார். நான் கவனித்தேன். இந்தப் படங்களில் பெரிய வில்லன் கிடையாது. பிடித்திருக்கிறது என்று சொல்லத் தெரியாத இரண்டு பேர், அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த முன்கூட்டிய சந்தோஷத்துக்குத்தான் என் கிழவிகள் கைதட்டுகிறார்கள். எங்களையும் அப்படி யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், 'சொல்லித் தொலைங்களேன்' என்று கத்தியிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு பார்த்த படத்தில், பட்டணத்து வக்கீல் பெண் ஒருத்தி கிராமத்துக்குப் போகிறாள். அங்கே கிறிஸ்துமஸ் மரம் வளர்ப்பவனோடு முட்டல், மோதல், முத்தம். முடிவில் வேலையை உதறிவிட்டு அவனோடு தங்கிவிட்டாள்.

"அந்த மரம் வளக்கிறவன் ஏன் டவுனுக்குப் போவல?" என்றார் இவர்.

"அவன் போனா மரத்த யாரு பாக்கறது?" வாய் தவறி நானே சொல்லிவிட்டேன்.

சிரித்தார். "அதத்தானே நானும் சொல்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அவ படிச்ச படிப்பு? அவ தோத்துத் தோத்து வாங்குன வேல? படம் முடிஞ்ச மறுநாள் காலையில அவ எந்திரிச்சு என்ன செய்வா, சொல்லுங்க!"

"யோசிக்கிறேன் வனிதா," என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு, அவசரப்பட்டு உடைத்துவிட்டேனோ என்று பயம்.

அடுத்த ஞாயிறு படத்தைப் போடவே விடவில்லை. "தையில சம்பா அறுத்துடுவோம். பங்குனிக்குள்ள உளுந்தும் எடுத்தாச்சு. அதுக்கு மேல மேட்டூரத் தொறந்து, கடைமடையான நம்ம ஊருக்குத் தண்ணி வந்து சேர ஆடி ஆயிடும். அதுவரைக்கும் வயலு சும்மாத்தான் கெடக்கு. நான் மட்டும் அத ஏன் காவல் காக்கணும்? சித்திரையில வர்றேன், ஆடிக்குத் திரும்பிடறேன். தையில நீ லீவு போட்டுட்டு அறுப்புக்கு வா. வருஷா வருஷம் இதான். சரியா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. ஊரில் புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத்தான் பிரித்து வைப்பார்கள், நம்மை இந்த ஆடி ஆயுசுக்கும் பிரிக்கும் போலிருக்கிறதே என்றேன். "சித்திரை சேத்து வெக்கும்ல," என்றார். எந்தப் படத்திலும் இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை. இந்தச் சித்திரையில் அவர் வந்தார். என் மாடிவீட்டுப் பால்கனியில் தொட்டி வைத்துக் கத்தரி போட்டார். மதாம் ஒதீலுக்குக் கேசரி கிண்டிக்கொண்டுவந்து கொடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தார். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் சரியான இடத்தில் கைதட்டினார். நானோ காலையில் எழுந்ததும் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தேன். டெல்டாவில் பிறந்தவள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வரட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அணையைச் சொன்ன நாளில் திறந்தார்கள். விமான நிலையத்தில் நான் அழவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் வெகுதூரம் போனவர், திடீரென்று பையை அங்கேயே போட்டுவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார். அதே ஓட்டம், பாதம் பார்த்துப் பாதம் வைத்து. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். மூச்சிரைக்க வந்து நின்றவர் சொன்னார்: "பால்கனியில மோர்மொளகா காய வெச்சிருக்கேன், மறந்தே போச்சு. மழ வந்தா எடுத்து உள்ள வெச்சுடு." சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் அந்தப் பெண், கண் கலங்க.

இப்போது என்னிடம் போதுமான பிரெஞ்சு இருக்கிறது. "என்னைக் காதலிப்பதாகச் சொன்னார்," என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் தூறல் தொடங்கிவிட்டது. படியேறி ஓடிப்போய்த் தட்டை உள்ளே எடுத்தேன், ஒன்றும் நனையவில்லை. இன்னும் இரண்டு வெயில் வேண்டும் அதற்கு. அங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், நாற்றங்காலுக்கு மழையும் வேண்டும் என்று மறுநாள் ஊரில் இறங்கியதும் தொலைபேசியில் சொன்னார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன், எதைக் கேட்பது என்று தெரியாமல்.