மாயன் கோயிலில் மூன்று முழுக்கு

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பைக் நம்பரும் சீட் கவரின் நிறமும்தான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். தப்பு வந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாடம்பாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மாதான் இதை எழுதச் சொன்னார். ரிட்டயர் ஆனவர். "அண்ணா, நீங்க மெக்சிகோ போய்ட்டு வந்ததப் பத்தி உங்க வீட்டம்மா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. உங்களக் கேட்டா சிரிச்சிட்டுப் போயிடறீங்க. வாயால சொல்ல வெக்கமா இருந்தா எழுதியாவது குடுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எனக்குப் பேச்சு வராது. பெருங்களத்தூரில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிறேன். வாசலில் மாதிரித் துணிகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்றைக் காட்டுவார்கள், நான் தலையாட்டுவேன். அதற்கு மேல் பேச வேண்டிய அவசியம் வராது. அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும்.

மெக்சிகோவுக்கு முன்னால் காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். அப்போது என் மனைவி வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து நடந்தால், நாங்கள் இருவரும் ஜோடியாகக் குளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டு, கடலோரத்தில் இருக்கிற பெருமாளைச் சேவிப்பதாக வேண்டுதல். அது முடிகிறவரை காப்பி குடிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். காப்பி இல்லாமல் கண்ணைத் திறக்காதவள் அவள்.

நான் எழுந்துவிட்டேன். நடந்தும் விட்டேன். ஆனால் ஈர வேட்டி உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, நாலு பேர் பார்க்கப் படிக்கட்டில் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சாக்கு. கடையில் அவசர வேலை, பஸ்ஸில் கூட்டம், குளத்தில் பாசி. தினமும் காலையில் அவள் எனக்குக் காப்பி போட்டு, டம்ளரை மூக்கருகே ஒரு தடவை கொண்டுபோய்விட்டுக் கொடுப்பாள். நான் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவேன்.

இந்த நிலையில்தான் மகன் போன் செய்தான். அவன் மெக்சிகோவில் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறான். எங்களுக்கு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, "கடலோரத்துல ஒரு மாயன் கோயில் இருக்கும்மா. ரொம்பப் பழசு. ஒரே நாள் டூர். பக்கத்துலயே குளிக்கிறதுக்கு இயற்கையான குளம் இருக்கு, அங்கயும் கூட்டிட்டுப் போவாங்க" என்றான்.

மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாயன் என்றால் எங்கள் வீட்டில் ஒருவர்தான், பெருமாள். கோயில் கடலோரத்தில் இருக்கிறது. குளமும் இருக்கிறது. "ஏங்க, பாத்தியா. நீ இங்க டிமிக்கி குடுத்துகினு இருந்த. அவரு ஏரோப்ளேன்ல ஏத்திக் கூப்புடறாரு" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெரியாத ஊரில் யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியமும் வந்தது.

அந்த நாள் காலையில் ஒரு வேனில் எங்களை ஏற்றினார்கள். வேனில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வழிகாட்டி என் நிறம், என் உயரம், எனக்கு இருக்கிற மாதிரியே தொப்பை. என்னைப் பார்த்ததும் அவர்கள் பாஷையில் படபடவென்று என்னமோ கேட்டார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். மகன் சிரித்தான். "உங்கள இந்த ஊர்க்காரர்னு நெனச்சிட்டாருப்பா. வேன்ல ஏசி போதுமான்னு கேட்டாரு."

கோயில் வாசலில் மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இறங்கிய மாதிரியே இருந்தது. உள்ளே போனால் பெரிய மதில், சாம்பல் நிறத்தில் இடிந்த கல் கட்டடங்கள், அதற்கு அந்தப் பக்கம் கடல். அந்தக் கடலின் நிறத்துக்கு என்னிடம் மாதிரித் துணி இல்லை. பச்சை என்று சொன்னால் நீலமாகிவிடுகிறது. கல்லின் மேலெல்லாம் உடும்பு மாதிரிப் பெரிய பெரிய ஓணான்கள் வெயில் காய்ந்தன.

மதிலைத் தாண்டியதும் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நானும் கழற்றினேன். தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. நாங்கள் இரண்டு பேரும் நிழலுக்கு நிழல் குதித்துப் போவதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் குடையை நீட்டினார்.

"இன்னாடா இது, கோபுரத்தக் காணோம், கொடிமரத்தக் காணோம். பெருமாள் எங்கடா?" என்று மனைவி கேட்டாள்.

மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, மாயன்னா இந்த ஊர் ஜனங்க பேருமா. அந்தக் காலத்துல அவங்க கட்டுன கோயில். நம்ம பெருமாள் இல்ல."

"அப்ப உள்ள யாரு கீறா?"

"யாருமே இல்லமா. வெறும் கட்டடம். உள்ள விடவும் மாட்டாங்க."

அவள் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இத்தனை தூரம் வந்தும் வேண்டுதல் நிற்கிறது, காப்பியும் நிற்கிறது. அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. ஊரில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கோயில்களையெல்லாம் நான்தான் தள்ளிப்போட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குள் வழிகாட்டி எல்லோரையும் ஒரு சின்னக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். வாசலுக்கு மேலே ஒரு சிலை. காலை மேலே தூக்கிக்கொண்டு, தலை கீழே வருகிற மாதிரி இருந்தது. அவர் சொன்னதை மகன் வேண்டாவெறுப்பாக எங்களுக்கு மாற்றிச் சொன்னான். "இந்த சாமி தலைகீழா இருக்குதாம். மேல் உலகத்துலேருந்து பூமிக்கு இறங்கி வர்ற சாமியாம்."

மனைவி எழுந்து வந்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

"மேலருந்து கீழ இறங்கி வர்ற சாமிமா."

"எறங்கி வர்றதுக்குப் பேரு இன்னாடா? அவதாரம். யாருடா எறங்கி வருவாரு? பெருமாள்தான."

"அம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"உனக்கு இன்னா தெரியும். கார் செய்யத் தெரியும். போட்டோ எடு."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தே விழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, நாங்கள் எழுகிறவரை காத்திருந்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "குளத்துல முழுகிட்டுதான சாமியப் பாக்கணும்னு வேண்டிக்கின? இங்க சாமி மொதல்ல வந்துட்டாரே" என்றேன்.

"அவரே தலகீழாத்தான் கீறாரு. நம்மளும் தலகீழாவே செஞ்சிக்கலாம்."

குளம் காட்டுக்குள் இருந்தது. செனோத்தே என்று அதற்குப் பெயர். பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து, மேல் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம். மரப்படியில் இறங்கினால் குகை மாதிரி இருக்கிறது. மேலே ஓர் ஓட்டை வழியாக வெயில் தூண் போல இறங்குகிறது. மரத்து வேர்கள் கூரையிலிருந்து தண்ணீர்வரை தொங்குகின்றன. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு.

ஆனால் இறங்குவதற்கு முன்னால் ஷவரில் குளிக்க வேண்டுமாம். உடம்பில் கிரீம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாதாம். மனைவி அன்று காலை தலைக்கு நன்றாகத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தாள். வழிகாட்டி அவள் தலையைப் பார்த்தார், மறுபடி ஷவரைக் காட்டினார். அப்படி மூன்று தடவை. "குளிக்கிறதுக்கு முன்னாடி குளிக்கச் சொல்றாரு. நல்ல பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே அலசிவிட்டு வந்தாள்.

நான் முழுக்கைச் சட்டையும் முழு பேன்ட்டுமாக நின்றேன். அங்கே இருந்தவர்களில் உடம்பை மூடியிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். மகன் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தோடு குகையின் உள்பக்கம் நீந்திப் போய்விட்டான். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் ஐஸ். மனைவி கண்ணை மூடிப் பெருமாளை நினைத்து முழுகினாள். முழுக முடியவில்லை. ஜாக்கெட் அவளை மேலே தூக்கிவிட்டது. நானும் முயற்சி செய்தேன். தண்ணீருக்குள் பந்தை அமுக்குவது போலத்தான். கழுத்துவரை போகிறது, அதற்குக் கீழே போக மாட்டேன் என்கிறது. அவள் என் தலையைப் பிடித்து அமுக்கினாள். நான் மல்லாந்து போனேன்.

"தல நனையாம முழுக்கு எப்படிங்க கணக்கு? ஜாக்கெட்ட அவுக்கச் சொல்லிக் கேளேன்" என்றாள்.

மகனைத் தேடினேன். காணோம். எங்கள் ஊரில் எங்கள் பாஷையிலேயே பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க மாட்டாதவன் நான். அவளைப் பார்த்தேன். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் போட்டுக் கொடுத்த காப்பியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

படியேறி வழிகாட்டியிடம் போனேன். "சார், ஒன் மினிட்" என்றேன். என் கடை இருக்கிற ஜிஎஸ்டி ரோட்டில் எல்லோரும் சொல்வதுதான், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பிறகு ஜாக்கெட்டைத் தொட்டு வேண்டாம் என்று கையசைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தேன். மூன்று விரல் காட்டினேன். கையைக் குவித்து மேலே பார்த்தேன். மனைவியைக் காட்டினேன், என்னைக் காட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

அவர் முதலில் தலையை ஆட்டி முடியாது என்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூக்கு, மூன்று விரல், கை கூப்பல். அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கோயிலில் நாங்கள் விழுந்து கும்பிட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று அவரும் கையைக் குவித்துக் காட்டி, இதுவா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டினேன்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. அங்கே எங்களை அழைத்துப் போய், தானே ஜாக்கெட்டின் பக்கிளைக் கழற்றினார். எங்களுக்கு முன்னால் நின்று ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். "ஊனோ" என்று அவர் பாஷையில் எண்ண ஆரம்பித்தார். முழுகினோம். "தோஸ்" என்றபோது சுற்றியிருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவது முழுக்கில் எழுந்ததும் மனைவி "கோவிந்தா" என்று குரல் கொடுத்தாள். குகை அதைத் திருப்பிச் சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். ஈரச் சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, அத்தனை பேர் முன்னால் நான் நின்றேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

உள்ளேயிருந்து நீந்தி வந்த மகன், "என்னப்பா ஆச்சு? ஏன் எல்லாரும் கை தட்றாங்க?" என்றான்.

"உங்கப்பா பேசனாருடா" என்றாள் மனைவி.

மேலே ஏறி வந்தால் வாசலில் ஓர் அம்மா மண்பானையில் காப்பி வைத்திருந்தார். பால் கிடையாது. பட்டையும் வெல்லமும் போட்டது. மனைவி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு குடித்தாள்.

"இன்னா காப்பி இது, கஷாயம் மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை மகனை எதிர்பார்க்காமல் நானே போய் விரலைக் காட்டி வாங்கி வந்தேன்.

டீச்சரம்மா, நடந்தது இதுதான். இதை எழுதும்போது உள்ளே டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வருகிறது. மனைவி இரண்டு டம்ளர் கழுவுகிறாள்.

இன்று புரட்டாசி மாதம், மூன்றாம் சனிக்கிழமை. இந்தச் சனிக்கிழமைக்கு எனக்குச் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.