எங்க போறீங்க?

அக்கா மகன் படுக்கையும் அடுப்பும் வைத்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். அக்காவும் அவனும் மதுரைக்கு வெளியே தோப்பில் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்கப்போகிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், கொல்லிமலை அடிவாரத்து எங்கள் வாசலில் இப்படித்தான் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் கூண்டு வண்டி நின்றது. உள்ளே புது வைக்கோல் வாசம், அதன்மேல் ஜமுக்காளம், அடியில் தொங்கும் சோற்றுப்பானை. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குப் போக அக்காவுக்கு மட்டும்தான் இடம். மாடுகள் காலெடுத்து வைத்ததும், கிளம்புகிறவர்களிடம் கேட்கக்கூடாது என்று தெரிந்தே கத்தினேன்: "எங்க போறீங்க?"

சகுனத் தடை கழிய எல்லோரும் இறங்கி, உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அக்கா அழுதாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

இன்றும் அதே கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேனுக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நான் அப்பவே உக்காந்து தண்ணி குடிச்சுட்டேன் கண்ணு. இப்பக் கேளு."