திரும்பி வர வேண்டிய சாமான்

2005ஆம் வருடம், ஐப்பசி. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், கார்களுக்கு சீட் தைக்கிற ஒரு கம்பெனியின் கேட். மத்தியானம் மூன்று மணி, முதல் ஷிப்ட் விடும் நேரம், விடாத மழை. நான் சொல்ல வந்தது முழுக்க அந்தக் கேட்டுக்கும் வெளியே நின்ற கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே, இருபதடி தூரத்தில் நடந்தது. ஆனால் அதைச் சொல்ல ஏழு வருடம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

1998இல் எனக்கு முப்பத்தொரு வயது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். கர்ப்பப்பைக்கு அப்போது ஒரு மரியாதை இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். முடி கொட்டியதற்கு டைபாய்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யைத் தைத்து, தைத்த இடம் தெரியாமல் மடித்துப் போட்டுக்கொண்டேன். நான் தையல்காரி, அது எனக்குக் கஷ்டமில்லை.

முடி பின்னுகிற அளவு வளர்ந்ததும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தையல் மிஷின். ரெக்சின் வாசனையும் சுட்ட ஃபோம் வாசனையும் சேற்று வாசனையும் ஒன்றாக வரும். எனக்கு இன்றைக்கும் அந்த மூன்றும் கலந்ததுதான் வேலை என்பதன் வாசனை.

அங்கே ஷிப்ட் முடிந்து போகும்போது பெண்களை ஒவ்வொருவராகத் தட்டி மறைப்புக்குள் அழைத்துச் சோதிப்பார்கள். பையைத் திறந்து காட்ட வேண்டும், பிறகு உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். நூல் கண்டு, ரெக்சின் துண்டு ஏதும் வெளியே போய்விடக் கூடாது. அந்த வேலைக்கு ஒரு செக்யூரிட்டி இருந்தாள். வடக்குப்பட்டுக்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். சேலைக்கு மேல் நீலச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

சேர்ந்த முதல் வாரமே அவள் கை என் இடப்பக்கம் நின்றுவிட்டது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தேன்.

“இன்னா இது? துணியா? எட்தியா?”

கொக்கியைக் கழற்றிக் காட்டினேன். தழும்பைப் பார்த்தாள். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். ஐயோ பாவம் என்று அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இந்த வேட்டியை வச்சிக்கினா வேர்வைல நாறிப்பூடும்க்கா. உள்ள அவ்ளோ ஃபோமைக் குப்பைல கொட்றானுங்க, நீ இன்னாடான்னா...”

அடுத்த நாள் ஸ்டோர்ஸ்காரரிடம் போய், “நாள் பூரா ஸ்டூல்ல குந்தி இடுப்பு போவுது சார், ஒரு துண்டு ஃபோம் குடு” என்று கேட்டு வாங்கிவிட்டாள். ஆனால் ஒரு துண்டு குப்பையாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. அதற்கு கேட் பாஸ் என்று ஒரு சீட்டு. அதில் இரண்டு கட்டம் இருக்கும். ரிப்பேருக்குப் போகிற மிஷின் மாதிரி திரும்பி வர வேண்டிய சாமானுக்கு மேல் கட்டம். போனால் போனதுதான் என்கிற சாமானுக்குக் கீழ்க் கட்டம். அச்சடித்த இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வராது, கட்டத்தின் இடத்தை வைத்துத்தான் அடையாளம். என் ஃபோமுக்குக் கீழ்க் கட்டத்தில் டிக் போட்டாள். ‘ஃபோம் துண்டு, ஒன்று’ என்று தமிழில் எழுதினாள். ஸ்டோர்ஸ்காரர் அவள் இடுப்புக்காகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஃபோமைக் கத்திரியால் செதுக்கி, கார் சீட்டுக்கு அடியில் வைக்கிற மெல்லிய துணியால் உறை தைத்தேன். எடை இல்லாமல் அது மேலே மேலே ஏறியது. அதற்கும் அவள்தான் வழி சொன்னாள், ஒரு கைப்பிடி கேழ்வரகு உள்ளே போடச் சொன்னாள். ஒரு கார்த்திகையில் மழையில் நனைந்து, கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். இரண்டாம் நாள் எடுத்தால் உறையைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. கேட்டில் அவளிடம் சொன்னபோது தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கூழு காச்சறதுதானக்கா!” என்றாள். வரிசையில் நின்றவர்களுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது. அந்த நோய் வந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் என் இடப்பக்கம் கை வைத்ததே இல்லை. வலப்பக்கம் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு தட்டு, “போக்கா.” ஆறு வருடம். தினமும் பத்து வினாடி. அதற்கு நட்பு என்று பெயர் வைக்கக்கூட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

பிறகு அந்த ஐப்பசி. குளிக்கும்போது வலப்பக்கத்தில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நெல்லுக்குள் கல் தட்டுப்படுகிற மாதிரி. ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பட்டணத்துக்குப் போய் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் ரிசல்ட். அதே நோய். எங்கள் லைனில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு முழுவதும் கிடைக்கிறவரை மிஷினை ஓட்ட விட மாட்டார்கள். முதல் ஆபரேஷனில் அந்த நோயின் ஒரு துண்டு எங்கோ தங்கிவிட்டதோ என்று டாக்டரிடம் கேட்டேன். “இல்லைம்மா, இது புதுசு. தள்ளிப் போடாம வந்துடுங்க” என்றார்.

நான் தள்ளிப் போட்டேன். மகளுக்குப் பத்தொன்பது வயது, ஒரு வரன் கூடி வந்து, தையில் கல்யாணம் என்று பேச்சு. அம்மாவுக்கு இரண்டு தடவை என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். தை முடியட்டும், மாசியில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, அவர் முகத்தில் எதுவும் நிற்காது. ரிசல்ட்டும் படமும் இருந்த பழுப்புக் கவரை வீட்டில் வைக்க முடியாது, மகள் எடுத்துவிடுவாள். ஆகவே சாப்பாட்டுப் பையின் அடியில், நியூஸ்பேப்பருக்குக் கீழே. காலையில் என்னோடு கம்பெனிக்கு, மாலையில் என்னோடு வீட்டுக்கு.

ஆறு வருடமாகத் தினமும் அந்தப் பையை ஒருத்தி திறந்து பார்க்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை என்னால் நம்ப முடியாத முட்டாள்தனம் அது.

பதினேழாம் நாள். மழை. தட்டிக்குள் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா இந்தக் கவரு?”

“பொண்ணு ஜாதகம்.”

“ஜாதகத்துல எக்ஸ்ரே படம் வப்பாங்களா?”

வெளியே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கத்தினாள். “எக்கா, சீக்கிரம் விடுங்க, பஸ்ஸு போயிரும்லா!”

“இரும்மா, உன் பஸ்ஸு இன்னா ராக்கெட்டா?” என்று பதிலுக்குக் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினாள். “ஒரே கவரு பதினேழு நாளா உள்ள வருது, வெளிய போவுது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுதான். நான் வலப்பக்கம் கை வச்சப்போ ஒரு நாளு வெடுக்குனு பின்னால போன பாரு, அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்துக்கினு கீறேன்.”

தையில் கல்யாணம் என்றேன். மாசியில் போகிறேன் என்றேன்.

“மாசி வரிக்கும் அது உனக்கோசரம் கை கட்டிக்கினு நிக்குமா?”

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பயம்தான் அப்படி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது என்று இப்போது தெரிகிறது. “உன் வேலை பையைப் பார்க்கிறது. அதைப் பாரு. என் வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காதே. கேட்ல நிக்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம்” என்றேன்.

அவள் பையின் வாயை மெதுவாக மூடி என் கையில் கொடுத்தாள். “போக்கா” என்று சொல்லவில்லை.

மறுநாள் தட்டிக்குள் போனேன். பையைப் பார்த்தாள். கவரைத் தொடவில்லை. பிறகு ரூல்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படி, எல்லாரையும் தடவுகிற மாதிரி என்னையும் தடவினாள். வலப்பக்கம். இடுப்பு. அப்புறம் இடப்பக்கம்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கை அந்த ஃபோமின் மேல் பட்டது. அழுத்தவில்லை, நிற்கவில்லை, சும்மா பட்டுவிட்டு நகர்ந்தது. “அடுத்த ஆளு” என்றாள், என்னைப் பார்க்காமல்.

இருபதடி நடந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வல்லம் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். புதிதாக நட்ட கம்பெனி போர்டுகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. இந்த உலகத்தில் என் உடம்பு எங்கே முடிகிறது, எங்கே ஃபோம் ஆரம்பிக்கிறது என்று தெரிந்து, அந்த எல்லையில் தினமும் நின்று திரும்பிய ஒரே ஒரு கை. ஒரு வார்த்தையில் அதை அந்நியக் கையாக்கிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் செத்துப்போவது எப்படி இருக்கும் என்று அந்தப் பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. அது நோயால் வருவது இல்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று நாமே ஒவ்வொருவராக அனுப்பிவைப்பதால் வருவது.

வீட்டுக்குப் போனதும் அரிசி களைந்துகொண்டிருந்த மகளின் முன்னால் கவரை வைத்தேன். அவள் படித்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். “எத்தனை நாளா வச்சிருக்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்ட நானே சொல்லிடறேன். கேட்டுட்டு வர்றவங்க வரட்டும்” என்றாள். அந்த வரன் வரவில்லை. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இரண்டு வருடம் கழித்து எல்லாம் தெரிந்தே ஒருவர் வந்தார். அது வேறு கதை.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் தட்டிக்குள் போய், “நாளையிலிருந்து லீவு எழுதிக் கொடுத்துட்டேன். ஆபரேஷன்” என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் மேஜையிலிருந்து கேட் பாஸ் புத்தகத்தை இழுத்துவிட்டாள்.

“நில்லு. எங்க போற? சீட்டு இல்லாம இந்த கேட்டுலருந்து இன்னா வெளிய போயிருக்கு?”

கிராம்பை மென்றுகொண்டே எழுதினாள். சாமான்: தையல்காரக்கா. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: ரிப்பேர். பேனாவைத் தூக்கி, கொஞ்சமும் யோசிக்காமல், மேல் கட்டத்தில் டிக் போட்டாள்.

“எப்போ திரும்பி வரும்? தேதி போடணும்.”

“தெரியலையே.”

“தெரியலன்னா சாமான் வெளிய போவாது. ஆடிட்டுல என்னைத்தான் கேப்பான்.”

வெளியே வரிசை கூச்சல் போட்டது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை. சித்திரை என்றேன். எழுதினாள். சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். நகல் புத்தகத்தில் இருந்தது.

அப்போதுதான் என்னைத் தடவினாள். வலப்பக்கத்தில் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அந்தக் கேட்டில் அதுதான் கடைசி மாலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். “போக்கா” என்றாள்.

சித்திரையில் என்னால் திரும்ப முடியவில்லை. மருந்து ஏறி, முடி போய், நாக்கில் ருசி போய், சில நாட்களில் எழுந்து உட்காரவே மனசில்லை. அந்த நாட்களில் சும்மா சிரிப்பு வரும், புத்தகத்தில் ஒரு சாமான் திரும்பி வராமல் நிற்கிறது, ஒருத்தி ஆடிட்டில் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று. அதற்காகவே எழுந்து உட்கார்ந்த காலைகள் உண்டு. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

ஆனியில் போனேன். தலையில் முக்காடு, மேலே இரண்டு பக்கமும் ஒன்றும் வைக்காமல், தட்டையாக. என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

“ரெண்டு மாசம் லேட்டு” என்றாள். ‘வந்து சேர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனித் தட்டிப் பார்க்க என்னிடம் பக்கம் எதுவும் இல்லாததாலோ என்னவோ, என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செக்யூரிட்டி காண்ட்ராக்ட் மாறியது. பழைய ஆட்களை ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். நான் இரண்டாம் ஷிப்டிலிருந்த வாரம் அது, விடைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வடக்குப்பட்டில் தேடிப் போனேன், வீடு இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. இப்போது அந்தச் சாலையில் வயலும் இல்லை, சேற்று வாசனையும் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும்போது, மை மங்கிப்போன அந்தச் சீட்டைப் பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். உள்ளே கூப்பிடுகிறவரை உட்கார்ந்திருக்கும்போது அதை விரலால் தொட்டுக்கொள்வேன், என்னைத் திரும்பி வர வேண்டியவளாக எழுதிவைத்துவிட்டு ஒருத்தி கேட்டில் காத்துக்கொண்டிருந்தாள் என்ற நினைப்பில், பயம் எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது.