கயிற்றுப் பாட்டில் நான் எடுத்த பெயர்

போன வாரம் மலேசியாவில் எங்கள் கிள்ளானில் ஒரு கலைநிகழ்ச்சி. மேடையில் எட்டுப் பேர் பளபளக்கும் சட்டையில், அன்று காலைதான் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய நீல நைலான் கயிற்றைப் பிடித்து ஆடினார்கள். "இது நம்ம முன்னோர்கள் பாய்மரக் கப்பல்ல பாடின பாட்டு" என்றார் அறிவிப்பாளப் பெண். ஏலேலோ, முதலாளி வாழ்க, அவர் குலம் வாழ்க என்று போயிற்று பாட்டு. எல்லாரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. காரணம் சொல்கிறேன், கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.

நைலானுக்கு வாசனையே கிடையாது. நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகக் கிடங்கில் தேங்காய்நார்க் கயிறு. மழையில் நனைந்தால் கருவாட்டு நாற்றம். அதைத் தொட்ட கையோடு நாசி லெமாக் சோறு சாப்பிட்டவன் நான், என் மூக்கை நம்பாதீர்கள். பாரம் தூக்கும் இயந்திரம் படுத்துக்கொண்டால் மூட்டைகளைக் கயிறு கட்டித்தான் மாடிக்கு இழுப்பார்கள். இழுப்பவர்களில் சாகுல் பாய் என்று ஒருவர், வாலிபத்தில் தூத்துக்குடி கொழும்பு பாய்மரத் தோணிகளில் ஓடியவர். கயிறு கைக்கு வந்தால் பாட்டு தானாக வரும்.

பாட்டு முழுக்க வசவு. தோணி முதலாளியின் புழுத்த அரிசி, அவன் தொந்தி, அதற்குக் கீழேயும். கயிறு கையில் இருக்கும்வரை யாரைத் திட்டினாலும் யாரும் கேட்கக் கூடாதாம், அது தோணி வழக்கம். நடுவில் ஒருவன் பெயர் வரும். பாய்மரத்திலிருந்து கடலில் விழுந்தவன். காற்று நன்றாக இருக்கிறது என்று தோணியைத் திருப்பாமலே போய்விட்டார்கள். அந்தப் பெயருக்குத்தான் எல்லாரும் ஒன்றாக ஓங்கி இழுப்பார்கள். கூட இழுத்த மலாய்க்காரர்களும் அதைச் சொல்வார்கள்.

கம்பெனி விருந்தில் இதைப் பாட வைக்கலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். "பாட்டு ஓகே. ஆனா ஒரே அசிங்கமா இருக்கு, கொஞ்சம் கிளீன் பண்ணு லா" என்றார் மேனேஜர். ஒரே மத்தியானத்தில் கழுவித் துடைத்தேன். தொந்தி போயிற்று, வாழ்க வந்தது. விருந்தில் செத்தவன் பெயர் எதற்கு என்று அதையும் எடுத்தேன். ஆபீஸ் பையன்கள் பாடினார்கள், கைதட்டல் எனக்கு. நான் டைப் அடித்த அந்தத் தாள்தான் பள்ளி பள்ளியாக போட்டோஸ்டேட் ஆகி இந்த மேடைக்கு வந்திருக்கிறது.

மறுநாள் தேநீர் நேரத்தில் சாகுல் பாய் கேட்டார். "நல்லாத்தான் பாடுனானுவ தம்பி. அவன் பேர மட்டும் ஏன் எடுத்தே?"

நான் சிரித்தேன். போன வாரம் என்னைக் கைதட்ட விடாதது அந்தச் சிரிப்புதான். அதன்பிறகு அவர் பாட்டில்லாமலே இழுத்தார். கொஞ்ச நாளில் புது இயந்திரமும் வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்பாளப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"பரவால்ல அங்கிள். அந்தப் பேர வாட்ஸ்ஆப்ல அனுப்புங்க லா. அடுத்த மாசம் பிரிக்பீல்ட்ஸ் ஷோல சேர்த்துப் பாடிடறோம்."

கிடங்கு இருந்த இடத்தில் இன்று கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. சாகுல் பாய் இல்லை, அவரோடு இழுத்தவர்களும் இல்லை. ஒரு வாரமாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். புழுத்த அரிசி வருகிறது, தொந்தி வருகிறது, நான் எழுதிய வாழ்க கூப்பிடாமலே வருகிறது. அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.