ரஷ்ய மொழி தெரிந்தவள்

பூனாவில் கோர்படி ரயில்வே காலனிக்குப் பின்புறம் குடியிருக்கும் லியோனார்டின் மகள் ஃபேபியோலாவுக்கு அக்கம்பக்கத்தில் 'ரஷ்யாக்காரி' என்று பெயர். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேலை கிடைக்கும் என்று ஜெர்மனுக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஓடியபோது, அவள் மட்டும் ரஷ்ய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த எழுத்துகள் பிடித்துப்போயின, அவ்வளவுதான். துணி காயப்போடும்போதுகூட ரஷ்ய மொழியின் ஆறு வேற்றுமைகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

"தமிழ்ல நமக்கு எட்டு வேற்றுமை இருக்குட்டி," என்பார் லியோனார்ட். தமிழ் பைபிளில் சங்கீதம் வாசிக்கவே திணறும் மகளுக்கு அது உறைக்காது.

ரஷ்யாவில் ஒரு ஏரிக்கரைக் காட்டில் நடக்கும் குழந்தைகள் கோடை முகாமுக்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் எடுக்கிறார்கள் என்று வகுப்பு ஆசிரியை சொன்ன அன்று, ஃபேபியோலா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிள்ளைகளோடு கூடவே தங்கி, எழுப்பி, உண்ணவைத்து, விளையாட்டுக் காட்டும் வேலை. அம்மா செல்வமேரி ஒரே பிடியாக நின்றாள்.

"அங்க சண்டை நடக்குன்னு சொல்லுதாவ. பொட்டப்பிள்ளையத் தனியா எப்படி அனுப்புதது?"

"சண்டை நடக்குற எடம் எங்கயோ இருக்கும்மா. அலினாவும் வந்தா?"

அலினா, சித்தப்பா ஜெரோஷின் மகள். வானவடியில் ஒரு மழலையர் பள்ளியில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பவள், கோயிலில் கிட்டார் வாசிப்பவள். ரஷ்ய மொழியில் ஒரு சொல் தெரியாது. "அரே அக்கா, நீ போறேன்னா நானும் வரேன், சலோ," என்றாள். விண்ணப்பத்தை அவளுக்கும் சேர்த்து நிரப்பியதே ஃபேபியோலாதான்.

நேர்காணல் கணினித் திரையில் நடந்தது. முகாமின் பொறுப்பாளப் பெண்ணிடம் ஃபேபியோலா ரஷ்ய மொழியிலேயே பேசினாள். அந்தப் பெண்ணின் புருவம் உயர்ந்தது. பாராட்டினாள். பிறகு அலினா கிட்டாரை எடுத்துக் குழந்தைப் பாட்டு ஒன்று பாடி, நாற்காலியிலேயே குதித்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. இடம் ஒன்றுதான். அது அலினாவுக்கு.

ஃபேபியோலா அந்தப் பெண்ணை மறுபடி அழைத்துக் காரணம் கேட்டாள். "உன் ரஷ்ய மொழி மிக நன்றாக இருக்கிறது. அதுதான் சிக்கல். பிள்ளைகள் ஆங்கிலம் பேசியே ஆகவேண்டும் என்பதற்காகத்தான் வெளிநாட்டுக்காரர்களை எடுக்கிறோம். உனக்கு ரஷ்யன் தெரியுமென்றால் அவர்கள் ஆங்கிலத்தில் வாயே திறக்கமாட்டார்கள்."

"தெரியாத மாதிரி நடிக்கிறேனே!"

"ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்," என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள்.

அந்த அன்புதான் தாங்கமுடியாமல் இருந்தது. அலினா புறப்படுமுன் கோயிலில் அவளுக்காக ஜெபம் பண்ணினார்கள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒரு அத்தை ஃபேபியோலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, அந்தப் பாஷை நீதானே படிச்சே?" என்று கேட்டாள். ஃபேபியோலா பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தாள்.

பூனாவில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயாத வீட்டில் உட்கார்ந்து அவள் அலினாவின் படங்களைப் பார்த்தாள். பைன் மரங்கள், மரவீடுகள், ஏரியில் மிதக்கும் படகு. சுற்றிலும் பொன்னிறத் தலைமயிர்ச் சிறுமிகள். அத்தனை பேருக்கும் நம்மூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ரெட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியிருந்தாள் அலினா. இனிமேல் பார்க்கக்கூடாது என்று கைப்பேசியைத் தள்ளி வைப்பாள். குக்கர் விசிலடிப்பதற்குள் கை மறுபடி அதைத் தேடிப் போகும். அலினாவுக்கு அங்கே ஜலதோஷம் என்று அம்மா சொன்னபோது உள்ளே ஓர் இதம் பரவியது. அப்படிப் பரவியதை நினைத்து அவளுக்கே கூசியது. கூசியும் அந்த இதம் போகவில்லை.

ஒருநாள் அலினாவிடமிருந்து அழைப்பு. அங்கே மதிய உணவு முடிந்த நேரம். குரல் பதறியது.

"அக்கா, போலினான்னு ஒரு குட்டி. ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குறா. இங்லிஷ்ல கேட்டா வாயே தொறக்கல. என்கூட இருக்குற ரஷ்யப் பொண்ணுகிட்டயும் ஒண்ணும் சொல்லல, அவ இப்ப மத்த பிள்ளைங்கள ஏரிக்குக் கூட்டிப் போயிட்டா. நீ கொஞ்சம் கேளேன், ப்ளீஸ்."

கைப்பேசி கைமாறியது. மூக்கு உறிஞ்சும் சத்தம். ஃபேபியோலா மெதுவாகப் பேச்சுக்கொடுத்தாள். திடீரென்று அணை உடைந்ததுபோல் கொட்டியது. போலினாவுக்கு முடி குட்டை. அதில் சடை வராது. அதனால் அலினா அவளோடு உட்காருவதே இல்லை. நாள் முழுக்க சோன்யாவின் சடையைத்தான் பின்னுகிறாள். சாப்பாட்டு மேசையிலும் சோன்யாவுக்குப் பக்கத்தில்தான்.

ஒரு சொல்கூடத் தவறவில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு ரஷ்யக் குழந்தை அவளிடம் பேசுகிறது, அவளுக்கு எல்லாமே புரிகிறது. இது தனக்கு வரவேண்டிய குழந்தை என்று நெஞ்சு எரிந்தது.

"என்ன சொல்றா?" என்றாள் அலினா.

"வீட்டு ஞாபகம். நீ பக்கத்துல போய்த் தொந்தரவு பண்ணாத. தனியா விடு, சரியாயிடும்."

"பக்கா?"

"பக்கா."

சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. மறுநாள் அலினாவின் படம் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாள் குரல்செய்தி வந்தது: போலினா யாரோடும் பேசுவதில்லை, அப்பாவை வரச்சொல்லிவிட்டாள், நாளைக்குக் கூட்டிப்போகிறார்கள், "நீ சொன்ன மாதிரி தள்ளியேதான் இருந்தேன் அக்கா, எனக்கு இந்த வேலை வரல போல." கடைசி வார்த்தைகள் அழுகையில் கரைந்தன.

ஃபேபியோலா இதைத்தானே விரும்பினாள்? அலினாவுக்கு அந்த வேலை வரக்கூடாது என்றுதானே? ஆனால் காதில் கேட்டுக்கொண்டிருந்தது சின்னக் குழந்தையின் மூக்குறிஞ்சல். சாதம் வடித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் அழைத்தாள்.

"போலினாகிட்ட குடு."

போலினா "அல்லோ" என்றதும், ஃபேபியோலா ரஷ்ய மொழியில் சொன்னாள்: "நீ சொன்னதை நான் அலினாவிடம் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது."

"ஏன்?"

ரஷ்ய மொழியில் பொறாமைக்கு இரண்டு சொற்கள். நாம் நேசிப்பவர் இன்னொருவரிடம் ஒட்டிக்கொண்டால் வருவது ஒன்று, அடுத்தவருக்குக் கிடைத்தது நமக்கில்லையே என்று வருவது இன்னொன்று. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். தமிழில் யாரிடமும் வாயில் வராதது, அந்த இரண்டாவது சொல்லாக எளிதாக வந்தது.

"அவள்மேல் எனக்குப் பொறாமை. அங்கே நான் வந்திருக்கவேண்டும்."

"ஆனால் நீ பெரியவளாயிற்றே," என்றாள் போலினா.

"ஆமாம்," என்றாள் ஃபேபியோலா. "உனக்கு என்ன வேண்டும், சொல். இந்தமுறை சரியாகச் சொல்கிறேன்."

"சாப்பிடும்போது அவள் பக்கத்தில் உட்காரணும்."

பக்கத்தில் நின்ற அலினா கைப்பேசியை வாங்கினாள். "இவ்ளோ நேரம் என்ன பேசுனீங்க?"

"அன்னைக்கு அவ சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன். வீட்டு ஞாபகம்லாம் இல்ல. அவளுக்கு ஒன் பக்கத்துல ஒக்காரணும். அவ்ளோதான்."

"புரியாம மாத்திட்டியா?"

"புரிஞ்சுது," என்றாள் ஃபேபியோலா. அலினா "சரிக்கா," என்று வைத்துவிட்டாள்.

போலினாவின் அப்பா வந்து பார்த்துவிட்டு மகளை விட்டுவிட்டே போனார். அலினா அந்த விஷயத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஃபேபியோலாவிடமும் எடுக்கவில்லை. ஊர் திரும்பியபின் சில மாதங்கள் இருவருக்கும் இடையே பேச்சு தேவைக்கு மட்டும் இருந்தது. ஃபேபியோலாவுக்கு ஹிஞ்சேவாடியில் ரஷ்ய வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் வேலை கிடைத்தது. நாளெல்லாம் ரஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த கோடையில் முகாம் அலினாவையே திரும்பக் கூப்பிட்டது. ஜெரோஷ் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால், விமான நிலையத்துக்குத் துணையாக ஃபேபியோலாவைத்தான் அனுப்பினார்கள். வாடகைக் கார் வந்தது. அலினாவின் புதுப் பெட்டியைத் தூக்கி வைக்கும்போதே பழைய எரிச்சல் கிளம்பியது. ஓட்டுநர் வண்டியை நேராக ரயில்வே கேட் பக்கம் திருப்பினான். அந்நேரத்துக்கு கேட் மூடியிருக்கும், மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்லமுடியாது, விமானமே தவறிப்போகலாம். அவனுக்குத் தெரியவில்லை. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அலினாவும் கவனிக்கவில்லை.

ஃபேபியோலா சும்மா இருந்தாள். ஒரு தெரு போயிற்று. இன்னொரு தெருவும் போயிற்று. முன்னால் நிற்கும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் மழையில் தெரிய ஆரம்பித்தன.

"பையா, கேட் பந்த் ஹோகா," என்றாள் திடீரென்று. "கோரேகாவ் பார்க் ஸே லே லோ." கேட் இல்லாத சுற்றுவழி அது.

வண்டி இடதுபக்கம் திரும்பியது. அலினா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். ஃபேபியோலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.